உன் அம்மாவின் படத்தை இனித் தேடாதே

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்தபோது நான் அம்மாவின் பேச்சைத் தொடங்கினேன். "அப்பா, இஞ்சை லைன் கிளியர் இல்லை, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாய். லைனுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. கட்டாரில் நீ வேலை செய்யும் சாமான் கிடங்கில் யாரோ தும்மியதுகூடப் புங்குடுதீவில் இருந்த எனக்குக் கேட்டது. அதனால்தான் எழுதுகிறேன். உன் அறையில் படுக்கிற பொடியன் லீவு முடிந்து வருகிற கிழமை திரும்புகிறான். அவனுடைய பெட்டியில் பனம்பழப் பனாட்டுக்கும் பனங்கிழங்கு ஒடியலுக்கும் நடுவில் இந்தக் கடிதமும் வரும். போனை வைப்பது போல இதையும் நீ மடித்து வைத்துவிடலாம். ஆனால் கடிதம் போன் மாதிரி இல்லை, எந்த வசனத்தில் மடித்தாயோ அதே வசனத்தில் உனக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

அந்தப் பொடியன் நீ கொடுத்துவிட்ட சேர்ட்டையும் மருந்துப் போத்தலையும் கொண்டுவந்து தந்தான். தேத்தண்ணி கொடுத்து இருத்தி வைத்து உன்னைப் பற்றிக் கேட்டேன். "அண்ணை நல்ல மனிசன் ஐயா. ஆனா லீவு நாளிலையும் வெளியிலை வரமாட்டார். சாப்பாட்டுக்கும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைச்சுப் போவம். லப்டொப்பைத் திறந்து வைச்சு ஆரோ ஒரு அம்மாவின்ரை படத்தைத் தேடிக்கொண்டே இருப்பார்" என்றான். ஆரோ ஒரு அம்மா. அவனுக்கு விசயம் தெரியாது, நானும் சொல்லவில்லை. இங்கே இருக்கும்போதுதான் அந்தத் தேடல் என்று நினைத்திருந்தேன். கடல் கடந்து வெயிலில் பெட்டி தூக்கப் போன பிறகாவது விட்டுவிடுவாய் என்று நம்பினேன். நீ அதை விடவில்லை. அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பெண்சாதியைப் பறிகொடுத்தவனுக்கு மிச்சம் இருப்பது ஒரு பிள்ளைதான், அதுவும் ஒரு கண்ணாடித் தட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

நீ அந்தத் தொழிலைத் தொடங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிற கடையில் நின்றவன், ஒரு நாள் கமராவோடு வந்து, இனி வீட்டில் இருந்தே வேலை என்றாய். எடுத்த படத்தையும் கீறி வரைந்த படத்தையும் இன்ரநெற்றில் ஒரு கம்பனிக்கு அனுப்பினால், உலகத்தில் யாருக்குத் தேவையோ அவன் வாங்குவான் என்றாய். நான் கடைக்காரன். எங்கள் ஊரில் பாதிப் பேரைப் போல நானும் வாலிப வயதில் தெற்கே போய்ச் சிங்கள ஊரில் கடை வைத்திருந்தவன். கடை எரிந்த கதையைச் சொல்லிச் சொல்லி உன் காது புளித்திருக்கும், இங்கே வேண்டாம். வியாபாரம் என்றால் எனக்குத் தெரிந்தது இதுதான்: ஒரு மூட்டை சீனியைக் கொடுத்தால் மூட்டை போய்விடும், வாங்கினவனின் முகம் மனதில் நிற்கும். உன் வியாபாரம் அதற்கு நேர் எதிர். விற்ற படம் உன்னிடமே இருக்கும், அதையே இன்னும் எத்தனை பேருக்கும் விற்கலாம், வாங்கினவன் யார் என்பது மட்டும் உனக்குத் தெரியவராது. "ஆர் வாங்கினது?" என்று கேட்டேன். "அது கம்பனி சொல்லாது அப்பா" என்றாய். எனக்கு அது அன்றைக்கே பிடிக்கவில்லை. ஆனால் நீ ஊரோடு இருக்கப் போகிறாய் என்ற சந்தோசத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் நீ எடுத்ததெல்லாம் அழகான படங்கள். குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்குப் போகிற வள்ளம், சாட்டிக் கடற்கரை, மழைக்குப் பிறகு பனங்காணி. பொங்கலுக்கென்று பானையும் கரும்பும் குத்துவிளக்கும் கொம்பியூட்டரில் கீறி அனுப்பினாய். திரும்பி வந்தன. வள்ளத்தின் பெயர் தெரிகிறது, அழி என்றார்கள். படத்தில் இரைச்சல் இருக்கிறது என்றார்கள். படத்தில் என்னடா இரைச்சல், வள்ளத்து மோட்டரா என்று நானும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம், நீ கோபித்துக்கொண்டு குசினிப் பக்கமே வரவில்லை. பிறகு எது விலைப்பட்டது? கனடாவுக்குப் போனவர்கள் பூட்டிவிட்டுப் போன வீடுகளின் சுவர். சாந்து உதிர்ந்து, பாசி பிடித்து, துப்பாக்கிச் சன்னம் துளைத்த சுவர். வெளிநாட்டில் யாரோ தன் எழுத்துகளுக்குப் பின்னால் வைக்க அந்தச் சுவரை வாங்கினானாம். ஆட்கள் இல்லாத எங்கள் ஊருக்கு வந்த ஒரே மரியாதை அதுதான் என்று நான் பகிடி விட்டேன். "கேக்கிற சரக்கைத்தான் கடையிலை வைக்க வேணும் தம்பி" என்று உனக்குப் புத்தியும் சொன்னேன். வெள்ளைக்காரன் உடைந்ததையும் வாடினதையும் கேட்கிறான் என்றால் அதைக் கொடு என்றேன். நீ சுவரிலிருந்து மனிதருக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

மனிதரைப் படமெடுப்பது எங்கள் தீவில் லேசான காரியம் இல்லை. எங்கள் சனத்துக்குப் படம் என்றால் அடையாள அட்டை, இல்லாவிட்டால் நிவாரணம், வீட்டுத்திட்டம். கமராவைக் கண்டவுடன் கையைக் கட்டி, கண்ணை விழித்து, இடிந்த வீட்டுக்கு முன்னால் நிற்கிறவர்கள்தான் எல்லாரும். நீ ஒவ்வொருவரையும் கெஞ்சிப் பார்த்தாய், ஒருவரும் அசையவில்லை. கடைசியில் அம்மாவை எடுத்தாய். விடியப்புறம் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்து, குசினி வாசற்படியில் குந்தி, சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சாமி அறைக்கு இன்னும் போகவில்லை, நெற்றி வெறுமையாக இருந்தது. "இஞ்சேருங்கோ, இவன் என்ன செய்யிறான் பாருங்கோ, தலையும் வாரி இழுக்கேல்லை நான்" என்று என்னைக் கூப்பிட்டு முறையிட்டாள். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன், எழும்பவில்லை. பிறகு படத்தில் இருக்கிறவரின் சம்மதம் வேண்டும் என்று ஒரு ஆங்கிலக் கடதாசியை நீட்டினாய். "இதுக்கு அரிசி பருப்புத் தருவினமோ?" என்று கேட்டுவிட்டு, கூப்பன் கடையில் போடுவதைப் போலத் தன் பெயரைத் தமிழில் எழுதித் தந்தாள். அந்தப் படம் போன வேகத்தில் உன் வேறு எந்தப் படமும் போகவில்லை.

நான் செத்துப்போன செய்தியை நான் அறிந்த விதம் உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். நாம் மூவரும் கடைசியாகச் சேர்ந்து சிரித்த நாள் அது. நான் முற்றத்தில் கதிரை போட்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். படலையடியில் ஓட்டோ வந்து நின்றது. வேலணையில் இருக்கிற உன் பெரியம்மா இறங்கினாள், அம்மாவின் ஒன்றுவிட்ட தமக்கை. இறங்கும்போதே கையைத் தலையில் வைத்துக்கொண்டு, "ஐயோ என்ரை தங்கச்சி, உன்ரை பூவும் பொட்டும் பறிபோச்சே" என்று ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். படலையைத் திறந்து என்னைக் கண்டதும் வசனம் பாதியில் நின்றது. வாய் மட்டும் திறந்தபடி இருந்தது.

"ஆரக்கா செத்தது?" என்று கேட்டேன்.

"நீர்தான் தம்பி" என்றாள்.

பின்னால் வெள்ளை வேட்டியோடு நின்ற பெரியப்பா, "நான் சொன்னனான் தானே, போனிலை ஒருக்காக் கேட்டிட்டுப் போவம் எண்டு" என்று அவளைக் கடிந்தார். "அடிச்சனாங்கள் தானே, ஒருத்தரும் எடுக்கேல்லையே" என்று அவள் திருப்பிச் சொன்னாள். என் போன் சார்ஜ் இல்லாமல் அலுமாரிக்குள் கிடந்தது. நீ அறையிலிருந்து ஓடி வந்து, விசயம் விளங்கியதும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நானும் சிரித்தேன். "செத்தவீட்டுக்கு வந்தனீங்கள், பிரேதத்தின்ரை கையாலை தேத்தண்ணி குடியுங்கோ" என்றேன். அம்மாவும் ஈரக் கையோடு வந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரியம்மா தன் போனைத் திறந்து, கனடாவில் இருக்கிற மகள் அனுப்பிய படத்தைக் காட்டும்வரைக்கும் அம்மா சிரித்தாள்.

அது ஏதோ ஒரு தரும நிறுவனத்தின் விளம்பரம். குசினி வாசற்படியில் அம்மா, மடியில் சுளகு, பொட்டில்லாத நெற்றி. கீழே ஆங்கிலத்தில் எழுத்து. "என்னெண்டு போட்டிருக்கு?" என்று அம்மா உன்னைக் கேட்டாள். "ஒண்டுமில்லை அம்மா" என்றாய். பெரியம்மாவுக்கு ஒளிக்கத் தெரியாது. "போரிலை புருசனைப் பறிகொடுத்த கைம்பெண்டாட்டியாம், கஞ்சிக்கும் வழியில்லையாம், கை குடுக்கட்டாம். பிள்ளை அழுதழுது வாசிச்சவள்" என்றாள். அம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். தேத்தண்ணியோடு திரும்பி வந்தபோது நெற்றியில் குங்குமம் முன்னொருபோதும் இல்லாத அளவுக்குப் பெரிதாக இருந்தது. அவர்களை அனுப்பிவிட்டுப் படலையைச் சாத்தினாள். பிறகு உன்னிடம் வந்து கேட்டாள்.

"அந்தச் சொல்லை ஆர் போட்டது?"

படத்தை அனுப்பும்போது தேடுவதற்கென்று சொற்களும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்றும், கம்பனியின் கொம்பியூட்டரே அந்த மாதிரிப் படங்களுக்கு ஏற்ற சொற்களை எடுத்துக் காட்டும் என்றும் நீ விளங்கப்படுத்தினாய். கிழவி, தனிமை, வறுமை, ஆசியா என்று காட்டின வரிசையில் விதவை என்ற சொல்லும் இருந்ததாம். "நான் எழுதேல்லை அம்மா. அது தன்ரபாட்டிலை காட்டினது, நான் அழிக்காமல் விட்டிட்டன். சொல் கூடுதலா இருந்தால் தேடுற கனபேருக்குத் தெரியும், அதுதான்" என்றாய்.

"அழிச்சிருக்கலாமே தம்பி" என்றாள். ஏசியிருந்தால் உனக்கு ஆறியிருக்கும். அவள் ஏசவில்லை.

மெசினுக்கு அது ஒரு சொல். வாங்கினவனுக்கும் அது ஒரு சொல். எங்கள் சனத்தின் கண்ணுக்கு அப்படி இல்லை. பொட்டில்லாத நெற்றியையும் அந்தச் சொல்லையும் சேர்த்துப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்குத்தான் வந்தார்கள். அந்தக் கிழமை முழுக்கப் போன் அடித்தது. லண்டனில் இருந்து ஒருவர் நான் எடுத்ததும் அழுதார், நான்தான் பேசுகிறேன் என்றதும் ஏமாந்தவரைப் போல வைத்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. கை நீட்டாத குடும்பம், இப்போது பெண்சாதியின் படத்தைக் காட்டி வெளிநாட்டில் காசு சேர்க்கிறது என்று கடைத்தெருவில் கதைத்தார்கள். அது என்னைச் சுட்டது. உன் அம்மாவைச் சுட்டது அது அல்ல. புருசன் உயிரோடு இருக்கும்போது இத்தனை வாய் அவளை அப்படிச் சொல்லிவிட்டதே என்பதுதான். சொன்ன சொல் பலித்துவிடும் என்று அவள் பயந்தாள். நெல்லைச் சிந்தினால் அள்ளலாம், சொல்லைச் சிந்தினால் அள்ள முடியாது என்பார்கள். அவள் அதை அள்ளப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் நயினாதீவுக்குப் போகத் தொடங்கினாள். நாகபூசணி அம்மனிடம் எங்கள் வீட்டுப் பெண்கள் போவது புதினமில்லை, அதனால் நீ கவனிக்கவில்லை. பச்சைத் தண்ணியும் பல்லில் படாமல் போய், பூசை முடிந்து திரும்பி வந்துதான் வாய் நனைப்பாள். சீனி வருத்தக்காரி, நீரிழிவோடு விரதம் பிடிக்கக் கூடாது என்று கிளினிக்கில் டொக்டர் பிள்ளை முகத்துக்கு நேரே சொல்லியும் கேட்கவில்லை. நான் சண்டை பிடித்தேன். கேட்காததால் கூடவே போகத் தொடங்கினேன். ஒருநாள் திரும்பி வருகிற வள்ளத்தில் பக்கத்தில் இருந்து மெல்லக் கேட்டேன்.

"இஞ்சேரும், அம்மாளுக்கு என்ன நேத்திக்கடன் வைச்சனீர்?"

"அதேன் உங்களுக்கு?"

"சொல்லும்."

"எனக்கு முந்தி நீங்கள் போகக் கூடாது எண்டு கேட்டனான். வேறையொண்டுமில்லை."

"அப்ப நீர் முந்திப் போறீரோ?"

"ஓம். அதுக்கென்ன" என்றாள், சந்தைக்கு முந்திப் போவதைப் பற்றிப் பேசுவது போல. பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள், அதனால் நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் அவள் விட்டிருக்க மாட்டாள். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்த உறுதியான விசயம் அது ஒன்றுதான்.

மற்றது உனக்குத் தெரியும். மாசிப் பனி முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை குறிகட்டுவானில் வள்ளத்தால் இறங்கும்போது மயங்கி விழுந்தாள். தலை சீமெந்துப் படியில் அடிபட்டது. நீ ஓட்டோவோடு வந்தாய், பிறகு அம்புலன்ஸ், பிறகு யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரி. கண் திறக்காமலே போய்விட்டாள். செத்தவீட்டில் கூறைச்சேலை போர்த்தி, நிறையக் குங்குமம் வைத்துக் கிடத்தியிருந்தார்கள். பெரியம்மா இந்தமுறை உண்மையாக அழுதாள். அழுதபடியே, "பூவோடையும் பொட்டோடையும் போறாள், குடுத்து வைச்சவள், அம்மாளாச்சியிட்டைக் கேட்டதைக் கேட்டபடி வாங்கிப்போட்டாள்" என்றாள். அம்மா அவளுக்கும் நேத்தியைச் சொல்லியிருந்தாள் போலும். நீ தலைமாட்டில் நின்றாய். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். வந்திருந்த பெண்கள் எல்லாரும் தலையை ஆட்டி ஆமோதித்தார்கள். எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்குச் சொல்லக்கூடிய பெரிய புகழ்ச்சி அது, உனக்கோ அது தீர்ப்பு மாதிரிக் கேட்டது.

நீ என்னிடம் ஒருதரம்கூடக் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைப்பது எனக்குத் தெரியும். உன்னால்தானா அவள் போனாள் என்று. தம்பி, உன்னால் என்று நான் சொல்ல மாட்டேன். உன்னால் இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அந்தப் படம் இல்லாவிட்டால் அந்தச் சொல் இல்லை, அந்தச் சொல் இல்லாவிட்டால் நேத்தி இல்லை. அவ்வளவு தெளிவாகத் தெரிகிற ஒன்றை இல்லையென்று மறைத்து உன்னைத் தேற்ற நான் வரவில்லை. தகப்பன் பொய் சொன்னால் பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடும். எனக்குச் சொல்லத் தெரிந்தது இதுதான்: நீ கெட்டது நினைத்துச் செய்யவில்லை, அவளும் உன்னைத் தண்டிக்கப் போகவில்லை. அவள் தன் ஆயுளைக் கொடுத்து என் ஆயுளை வாங்கித் தந்துவிட்டுப் போனாள். நான் கேட்காத சரக்கு. திருப்பிக் கொடுக்க இடம் இல்லை. விடிந்தால் எழும்புகிறேன், ஒரு கோப்பைக்குத் தண்ணி வைக்கிறேன், பேப்பர் பார்க்கிறேன். இதற்காகவா அவள் பட்டினி கிடந்தாள் என்று நினைக்கும்போது எனக்கு அவள்மேல் கோபம் வருகிறது. செத்தவள்மேல் கோபப்பட்டு என்ன பயன் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு அந்தக் கோபம் இருக்கிறது, அதையும் நீ தெரிந்துகொள்.

அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு நீ அவளுடைய படங்களை எல்லாம் அழித்தாய். கம்பனிக் கணக்கை மூடினாய், லப்டொப்பில் இருந்தவற்றை அழித்தாய், கமராவை விற்றாய், என் போனை வாங்கி அதிலிருந்தவற்றையும் அழித்தாய். நான் தடுக்கவில்லை. தடுக்கப் பயந்தேன். பிறகுதான் தேடல் தொடங்கியது. கம்பனி தன் கடையிலிருந்து படத்தை எடுத்துவிட்டது, ஆனால் ஏற்கனவே வாங்கினவர்களைத் தங்களால் தடுக்க முடியாது என்று எழுதியது. நீ ஒவ்வொருவராகத் தேடி எழுதினாய். அந்தத் தரும நிறுவனம் மன்னிப்புக் கேட்டு எடுத்துவிட்டது. எடுத்த கிழமையே அம்மா வேறொரு நாட்டில் கடன் கொடுக்கிற கம்பனியின் விளம்பரத்தில் இருந்தாள். அதை எடுப்பித்தால் வாசிக்கத் தெரியாத பாசையில் ஒரு புத்தகத்தின் அட்டையில் இருந்தாள். மூட்டுவலித் தைலத்துக்கு இருந்தாள், கிழவர்களைப் பார்க்கிற மடம் ஒன்றுக்கு இருந்தாள். பாத்தீனியம் பிடுங்கினவனுக்குத் தெரியும், ஒரு கரையில் பிடுங்கிக்கொண்டு வர மறுகரையில் முளைத்திருக்கும். நீ அதை வேலை என்று நினைத்தாய், அது முடியாத வேலை. வாங்கினவன் யார் என்று தெரியாத வியாபாரத்தில் விற்றதைத் திருப்பி எடுக்க யாராலும் முடியாது.

அதைவிட மோசமானது பிறகு வந்தது. கம்பனிகள் உங்களைப் போன்றவர்கள் அனுப்பின படங்களைக் காட்டி மெசினைப் பழக்கி, இப்போது மெசினே படம் செய்கிறது என்றாய். கிழவி, குசினி, சுளகு என்று எழுதினால் நொடியில் ஒருத்தியைச் செய்து தருமாம். இனி எவனும் உன்னைப் போன்றவனிடம் வாங்க மாட்டான், அந்தத் தொழில் முடிந்துவிட்டது. அதற்குத் திரும்பிப் போ என்று நானும் உனக்குச் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தக் கிழவிகளை நீ எனக்குக் காட்டினாய். ஒருத்திக்கு அம்மாவின் மூக்கு. ஒருத்திக்கு அவளுடைய நெற்றிச் சுருக்கம். ஒருத்தி குந்தியிருந்த விதம் அவளேதான், கையில் மட்டும் ஒரு விரல் கூடுதல். "இதுக்கு ஆரிட்டைப் போய் எழுதுறது அப்பா? இவ ஆருமில்லையே" என்றாய். அன்றைக்குத்தான் நீ என் முன்னால் அழுதாய்.

ஆகவே விடு, தம்பி. லீவு நாளில் அந்தப் பொடியன்களோடு வெளியில் போ. கடற்கரை இருக்கிறதாம், போய் இரு. சாப்பிடு. நேரத்துக்கு நித்திரை கொள். யாராவது ஒரு பிள்ளையைப் பிடித்திருந்தால் சொல், சாதி சாதகம் பார்க்க எனக்கு இப்போது தென்பில்லை. நீ தேடி எடுத்துவிட்டாலும் அவள் அங்கிருந்து வீட்டுக்கு வரப் போவதில்லை. உலகத்தில் யாரோ ஒருவன் தைலப் போத்தலில் அவளைப் பார்த்துவிட்டுப் போகட்டும். அவனுக்கு அவள் யாரோ. நீ அழிந்து போவதற்கு அது காரணமாக இருக்கக் கூடாது.

இவ்வளவும் எழுதிவிட்டு, எழுதக் கூசுகிற ஒன்றைக் கடைசியில் எழுதுகிறேன். நீ போவதற்கு முதல் நாள் பின்னேரம் லப்டொப்பை என் பக்கம் திருப்பினாய். ஒரு பெண், குசினி மாதிரி ஒரு இடம், நெற்றியில் பொட்டு, வாயைப் பொத்தாமல் சிரிக்கிறாள். "அப்பா, வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ. இது அம்மாவோ, மெசின் செய்ததோ? நான் இப்பிடி ஒண்டு எடுத்தனானோ எண்டே எனக்கு ஞாபகமில்லை" என்றாய். நான் உடனே, "இது அம்மா இல்லை" என்றேன். நீ மூடி வைத்தாய். அன்று சோற்றை மிச்சம் விடாமல் சாப்பிட்டாய், அடுத்தநாள் பஸ் ஏறினாய்.

நான் உறுதியாகச் சொன்னேன், ஏனென்றால் நீ போக வேண்டும். எனக்குத் தெரியாது, தம்பி. அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டியில் சாப்பிட்டுக் கிழவனானவன், அது என் பெண்சாதியா இல்லையா என்று பார்த்தும் பிடிபடாமல் இருந்தேன். வீட்டில் இப்போது இருப்பது அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த படம் ஒன்றுதான். கண்ணை விழித்து, வாயை இறுக்கி, அதிகாரி முன்னால் நிற்பது போல இருக்கிறாள். விளக்கு வைக்கும்போது அதைத்தான் பார்க்கிறேன். பார்த்துப் பார்த்து அந்த முகம்தான் மனதில் நிற்கிறது, மற்ற முகமெல்லாம் ஒவ்வொன்றாகப் போகிறது.

நீ தேடுவதை விடு. ஆனால் விடுவதற்கு முன் அந்தச் சிரிக்கிற படத்தை மட்டும் எனக்கு அனுப்பிவிடு. அது அவளா என்று நீ விசாரிக்காதே, நானும் கேட்க மாட்டேன். அவள் இல்லையென்றாலும் எனக்குப் பரவாயில்லை. அவள் சிரித்தால் எப்படி இருப்பாள் என்று கண்ணை மூடிப் பார்க்கிறேன், தம்பி, வருகுதில்லை.

அப்பா